பக்கத்து இருக்கையில் பகைவன்

1943-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஒரு சுவரொட்டியை வெளியிட்டது. வெய்மர் பர்செல் என்பார் வரைந்தது. ஒருவர் தனியே கார் ஓட்டிச் செல்கிறார். பக்கத்து இருக்கையில் வெறும் கோட்டுருவாய் ஹிட்லர் அமர்ந்திருக்கிறான். பிறரை ஏற்றிக்கொள்ளாமல் பெட்ரோலை எரிப்பவர் பகைவனுக்குத் துணைபோகிறார் என்பது கருத்து.

உண்மையில் அன்று பெரும் தட்டுப்பாடு பெட்ரோலுக்கன்று, ரப்பருக்கே. 1942-இன் தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவைக் கைப்பற்றியது. தமிழகத்துத் தொழிலாளர் பால் வெட்டிய தோட்டங்களும் அதனுள் அடக்கம். சக்கரம் தேயாதிருக்க வண்டி குறைவாக ஓட வேண்டும். அதற்காகவே பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. ஆயினும் அச்சுவரொட்டியின் பின்னே சட்டம் நின்றது. மணிக்கு 35 மைல் வேகவரம்பு ஏழைக்கும் செல்வர்க்கும் ஒன்றே. பகைவனும் போர்க்களத்தில் எதிர்நின்ற பகைவனே.

அறுபது ஆண்டுகள் கழித்து, 2003 ஜனவரியில், அரியானா ஹஃபிங்டன் முதலானோர் அதே உத்தியைக் கையாண்டனர். இம்முறை இலக்கு, எஸ்.யூ.வி. எனும் பெருவண்டிகள். போதைப்பொருள் வாங்குவோர் பயங்கரவாதத்துக்குப் பணம் கொடுக்கின்றனர் என்று முந்தைய ஆண்டு அரசு வெளியிட்ட விளம்பரங்களைப் பின்பற்றி, பெருவண்டிக்குப் பெட்ரோல் போடுபவரின் காசு எண்ணெய் நாடுகளின் வழியே பயங்கரவாதிகளைச் சேர்கிறது என்று தொலைக்காட்சியில் காட்டினர். சில நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன.

நோக்கம் நன்றே, எரிபொருளை வீணாக்குவதை எவர்தாம் ஆதரிப்பர்? ஆனால் சிலர்மேல் சொல்லத்தக்கதை எல்லார்மேலும் ஏற்றுவது, மன்திக் பாடம் தொடங்கிய இளம் மாணவனும் கண்டுகொள்ளும் பிழை. அன்று சவூதி அரேபியா அமெரிக்காவுக்கு அனுப்பியதைவிடக் கனடாவும் மெக்சிகோவும் சேர்ந்து அனுப்பிய எண்ணெயே மிகுதி. அந்நாடுகளின்மேல் பழி விழவில்லை. எண்ணெய் வளமுள்ள நாட்டில் பிறந்தோர் அனைவர்மேலும், அவர் முகச்சாயல் கொண்டோர்மேலும் அது விழுந்தது.

இதில் மறைந்துபோனது உள்ளூர்ச் சட்டம். 1975-இல் இயற்றிய சட்டத்தின்படி 2003-இல் கார்கள் கேலனுக்குச் சராசரி 27.5 மைல் ஓட வேண்டும். எஸ்.யூ.வி.க்களோ சிறு லாரிகள் என்ற கணக்கில் 20.7 மைல் ஓடினால் போதும். ஹம்மர் எச்-2 எனும் வண்டிக்கு அதுவும் இல்லை. சுமையோடு 8,500 பவுண்டைத் தாண்டியதால், அது எத்தனை மைல் ஓடுகிறதென்று சட்டம் கேட்கவே இல்லை!

2008 ஜூனில் பெட்ரோல் கேலன் நான்கு டாலரைக் கடந்தது. பெருவண்டிகள் கடைகளில் தேங்கின. 2010-இல் ஹம்மரை மூடுவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது.