ஒரு கூழைக்கடா, ஒரு எண்

எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கேமராவோடு போகும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஜனவரி 1 காலையில் அவருடைய கணக்கு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். போன வருஷம் எத்தனை இனம் எடுத்திருந்தாலும் அது முடிந்த கதை. வீட்டு மொட்டைமாடிக் காக்கா நம்பர் ஒன்று, மைனா நம்பர் இரண்டு, அப்படியே டிசம்பர் 31 வரை. விதி ஒன்றே ஒன்றுதான்: படம் இருக்கணும். "பாத்தேன்"னு சொன்னா செல்லாது.

பறவையை எண்ணுவதற்கு இப்படி ஆதாரம் கேட்கிற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோட்டையில் போய் நின்றது.

எட்வர்ட் பல்க்லி என்ற சர்ஜன் 1692 முதல் புனித ஜார்ஜ் கோட்டையில் வேலை பார்த்தார். இங்கே கண்ட பறவைகளின் படங்களை லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். பெட்டிவர் அவற்றை வைத்து மதராஸ் பறவைகள் பற்றி ஒரு சின்னப் பட்டியல் தயாரித்தார். 1713இல் வெளியான ஜான் ரேயின் பறவை நூலில் அது பின்னிணைப்பாக வந்தது. இந்தியப் பறவைகளைப் பற்றி அச்சில் வந்த ஆரம்பகாலப் பட்டியல்களில் ஒன்று நம்ம ஊர்ப் பட்டியல். வெண்புருவ வாலாட்டிக்கு 1789இல் கிமெலின் வைத்த அறிவியல் பெயர் மொட்டாசில்லா மதராஸ்பட்டென்சிஸ். ஊர் சென்னையாக மாறிய பிறகும் அந்தக் குருவி மதராஸைச் சுமந்துகொண்டுதான் வாலை ஆட்டுகிறது.

அடுத்தது எலிசபெத் குவில்லிம். 1801இல் மதராஸ் நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்த ஹென்றி குவில்லிமின் மனைவி. பறவை பிடிப்பவர்கள் உயிரோடு கொண்டுவந்த பறவைகளைப் பார்த்து நீர்வண்ணத்தில் வரைந்தார். சுமார் 200 ஓவியங்கள். இறக்கையில் எத்தனை இறகு என்பதைக்கூட விடாமல் பார்த்திருக்கிறார். அமெரிக்காவின் புகழ்பெற்ற ஆடுபான் நூல் வருவதற்கு இருபது வருஷம் முன்னால் நடந்த வேலை இது. 1807இல் இங்கேயே இறந்துபோனார். படங்கள் எங்கோ கிடந்து, 1924இல் லண்டனில் கேசி வுட் என்ற மருத்துவர் கண்ணில் பட்டன. இன்று அவை கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செல்லுபடியான ஆதாரம் தூரிகை அல்ல, துப்பாக்கி. சுட்டு, தோலை உரித்து, பஞ்சு அடைத்து, சீட்டுக் கட்டி வைத்தால்தான் "இருந்தது" என்று ஒப்புக்கொள்வார்கள். காங்கிரஸ் கட்சி உருவாகக் காரணமான ஏ. ஓ. ஹியூம் 1885இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த சேகரிப்பில் தோல்களும் முட்டைகளுமாகச் சுமார் 82,000 உருப்படிகள். காங்கிரஸ் பிறந்ததும் அதே வருஷம்தான்!

துப்பாக்கி போய் பைனாகுலர் வந்த பிறகுதான் வருஷக் கணக்கு ஒரு விளையாட்டானது. 1939இல் கை எமர்சன் என்ற அமெரிக்கர், வேலை விஷயமாகப் போன பயணங்களைப் பறவைகளின் வலசைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டு ஒரே வருஷத்தில் 497 இனங்களைப் பார்த்தார். 2015இல் நோவா ஸ்ட்ரைக்கர் உலகம் சுற்றி 6,042 வரை போனார். இந்தியாவும் அவர் வழியில் இருந்தது.

கேமரா ரொம்ப நாள் எட்டாக்கனியாக இருந்தது. நம்ம ஊரில் அந்த வேலையைத் தீவிரமாகச் செய்தவர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். தானே ஒட்டுப்போட்டுச் சேர்த்த கேமராவில் கறுப்பு வெள்ளையில் எடுப்பார். 1950 முதல் 1996இல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் பத்தி எழுதினார். ஒரு ஃபிலிம் ரோலில் 36 படம் என்றால், பறக்கிற உள்ளானுக்கு அதைச் செலவழிக்க யாருக்கு மனசு வரும்? டிஜிட்டல் வந்தது, நீள ஜூம் கேமரா கைக்கு எட்டும் விலைக்கு வந்தது, ஆதாரமும் மலிவானது.

இனி வடசென்னைக்கு வருவோம். இந்த விளையாட்டுக்கு ஏற்ற இடம் இது. குளிர்காலக் காலையில் காசிமேடு துறைமுகத்தில் படகைச் சுற்றிப் பறக்கும் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் லடாக், திபெத் மேட்டுநிலங்களிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு வந்தவை. எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் உள்ளான், நெடுங்கால் உள்ளான், ஆலா, கூழைக்கடா. வடக்கே போனால் பழவேற்காட்டில் பூநாரை. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கடலும் சேருகிற உவர்நீர்ப் பகுதியில் மீனும் இறாலும் உண்டு. அதனால் மீனவரும் உண்டு, பறவையும் உண்டு.

அதே இடத்தில்தான் எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை ஓடியது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994இல் வந்தது. துறைமுகம் 2001இல். 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரைக்கு வந்த எண்ணெயை வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவியது. உடம்பெல்லாம் கறுத்து உட்கார்ந்திருந்த கூழைக்கடாக்களின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு உறுத்துவது இங்கேதான். வருஷக் கணக்கில் வெள்ளைக் கூழைக்கடாவும் ஒன்று, எண்ணெய் பூசிய கூழைக்கடாவும் ஒன்று. ஐந்நூறு உள்ளான் வந்தாலும் "உள்ளான், டிக்". அடுத்த வருஷம் ஐந்தே வந்தாலும் அதே டிக். கழிமுகம் பாதியாகச் சுருங்கினாலும் நண்பரின் எண் குறையவே குறையாது. கொஞ்சம் அலைந்தால் கூடக்கூடச் செய்யும். பறவை குறைகிறது, பட்டியல் வளர்கிறது.

அப்படியென்றால் இந்த விளையாட்டு வீணா? இல்லை. பழைய ஆதாரங்களையே திரும்பப் பாருங்கள். பல்க்லியின் பட்டியல் "இது மதராஸில் இருந்தது" என்று மட்டும்தான் சொல்லும். குவில்லிமின் ஓவியத்தில் ஒவ்வொரு இறகும் இருக்கிறது, எந்த ஏரியில் எத்தனை இருந்தன என்பது இல்லை. நண்பரின் கேமரா மட்டும் அவருக்கே தெரியாமல் ஒன்றைச் செய்கிறது: ஒவ்வொரு படத்திலும் தேதியும் நேரமும் பதிகிறது. கூடவே இடத்தையும் தலை எண்ணிக்கையையும் அவர் எழுதிவைத்தால் அது விளையாட்டைத் தாண்டி ஒரு சாட்சியாகிவிடும். 2002இல் தொடங்கிய ஈபேர்ட் தளம் கேட்பதும் இதைத்தான். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் இதைத்தான் கேட்கிறது.

இதை அவரிடம் சொன்னேன். "சும்மா இருங்க சார், டிக் போடறதே பெரிய வேலை"ன்னார். இரண்டு வாரம் கழித்து ஒரு படம் அனுப்பினார். எண்ணூர்ப் பாலத்தடியில் கூழைக்கடாக்கள். கீழே ஒரு வரி: "17 இருக்கு. ரெண்டு வாட்டி எண்ணிட்டேன்."