கடல் கடந்த கல்வியும் கைகொடுத்தோரும்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து அனுமதிக் கடிதம் வந்த வீட்டில் முதல் நாள் மகிழ்ச்சியும், மறுநாளே கவலையும் குடிபுகுவதை நம் காலனியில் பலரும் கண்டிருப்போம். செலவுக்கு என்ன வழி என்னும் அக்கேள்வி புதியதன்று. நூறாண்டுகளுக்கு முன்னரே டாக்டர் அம்பேத்கர் அதற்கு விடை கண்ட வரலாறு, பெற்றோரும் மாணவரும் அறியத் தக்கதாகும்.

1913-ஆம் ஆண்டில் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெயிக்வாட், திங்கள்தோறும் 11½ ஆங்கிலப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு அவருக்கு உபகாரச் சம்பளம் வழங்கினார். படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது உடன்படிக்கை. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்ற அவர், 1916-இல் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்தார். ஆராய்ச்சி முற்றுப்பெறவில்லை, உதவிக் காலமோ முற்றுப்பெற்றது. 1917-இல் தாயகம் திரும்ப நேர்ந்தது.

உடன்படிக்கையின்படி பரோடா சென்றார். மேல்நாட்டில் கற்றுத் தேர்ந்த அவ்வறிஞருக்கு, சாதியின் காரணமாகத் தங்குவதற்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை! விரைவிலேயே பணியைத் துறந்து பம்பாய் திரும்பினார்.

எனினும், விட்ட படிப்பை அவர் மறந்தாரில்லை. 1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்து, ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோல்ஹாப்பூர் சாஹு மகாராஜா பொருளுதவி செய்தார். நவல் பத்தேனா என்னும் பார்சி நண்பர் கடன் கொடுத்தார். இம்மூன்றும் சேர்ந்தே 1920-இல் அவரை மீண்டும் லண்டனுக்குக் கப்பலேற்றின. 1923-இல் லண்டனின் டி.எஸ்சி. பட்டமும், 1927-இல் கொலம்பியாவின் பிஎச்.டி. பட்டமும் அவரை வந்தடைந்தன. மன்னரின் கொடை தொடக்கத்துக்கு உதவியது. நடுவில் அறுந்த இழையை மீண்டும் முடிச்சிட்டவற்றுள் சேமிப்பும் நட்பும் தலையாயவை.

கொடையேயன்றி வேறொரு வழியும் அக்காலத்தில் இருந்தது. 1892-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா நிறுவிய அறநிதி, வெளிநாட்டில் மேற்படிப்புப் படிப்போருக்குப் பணத்தை இனாமாக அன்றிக் கடனாக அளித்தது. ஒருவர் திருப்பிச் செலுத்தும் தொகை, பின்வரும் மாணவருக்குத் துணையாகும். அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணா லண்டனில் டாக்டர் பட்ட ஆராய்ச்சி செய்ததும் அந்நிதியின் ஆதரவோடுதான்.

இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆராய்ச்சி மாணவருக்குக் கட்டண விலக்கும், உதவியாசிரியப் பணிக்கு ஊதியமும் கிடைக்கின்றன. ஆயினும் பயணச் செலவும், முதல் மாத வாடகையும், இடையில் உதவி நின்றுவிட்டால் நேரும் இடரும் குடும்பத்தின் தோளிலேயே விழுகின்றன. ஆதலின், உதவி எத்தனை ஆண்டுகளுக்கு, எந்நிபந்தனையின்மேல் என்பதைப் புறப்படுமுன் படித்தறிதல் நலம். நம்மிடையே வசதியுடையோர் பத்தேனாவைப்போல் ஒரு மாணவருக்கேனும் கடன் கொடுத்துதவினால், திரும்பி வரும் அத்தொகையே அடுத்தவரையும் அனுப்பிவைக்கும். சங்கத்து அன்பர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.