மூடுபனியும் மின்காவலும்

பழனி மலைத் தொடரில் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது கோடைக்கானல். மதுரைச் சீமையின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, அமெரிக்கப் பாதிரிமார் 1845ஆம் ஆண்டில் அங்கே முதல் இரு பங்களாக்களை எழுப்பினர். பருவகாலத்தில் மட்டும் திறந்து, எஞ்சிய மாதங்களில் பூட்டிவைக்கும் வீடுகள் இன்றும் அங்கே உண்டு. அத்தகைய வீட்டைத் திறந்து, குளிருக்கு வெந்நீர் வேண்டிக் கீசரின் ஸ்விட்சைப் போட்டதும் வீடு முழுவதும் இருண்டுவிடுவதுண்டு. பலகையிலுள்ள காப்புக் கருவியைத் தூக்கிவிட்டால் மீண்டும் விழுகிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக இணைத்துவிடலாமே என்று தோன்றும். நேயர்களே, அதற்கு முன் அக்கருவி பிறந்த கதையைச் சற்றுக் கேளுங்கள்.

பழைய வீடுகளில் பீங்கான் பியூஸ் ஒன்றே காவல். கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காப்பது அதன் வேலை, மனிதனைக் காப்பதன்று. 5 ஆம்பியர் பியூஸ் கடத்தும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு நெஞ்சின் வழியே பாய்ந்தாலே இதயம் நின்றுவிடக்கூடும். பியூஸோ அதை அறியவே அறியாது.

இக்குறையைத் தீர்க்க வழி கண்டவர் தென்னாப்பிரிக்கப் பொறியாளர் ஹென்றி ரூபின். தங்கச் சுரங்கங்களில் அதுவரை இருந்த கசிவுக் காவல்கள் சுமார் 10 ஆம்பியர் கசிந்தால்தான் விழித்துக்கொள்ளும். ரூபின் 1955இல் அதை 250 மில்லி ஆம்பியருக்கு இறக்கினார். மறு ஆண்டே 20 மில்லி ஆம்பியருக்கும் கீழே கொண்டுவந்தார். ஸ்டில்பான்டெய்ன் என்னும் சுரங்க ஊரில் ஒரு பெண்மணி வீட்டிலேயே மின்சாரம் தாக்கி மாண்டார். அதன் பின்னர், 1957, 1958ஆம் ஆண்டுகளில் அவ்வூரின் சில நூறு இல்லங்களில் அவர் கருவி பொருத்தப்பட்டது. எவ்வளவு மின்சாரத்தை, எத்தனை நேரம் மனித உடல் தாங்கும் என்று கணித்தவர் கலிபோர்னியாவின் சார்லஸ் டால்சீல். அவர் வகுத்த எல்லைக்குள் அக்கருவி செயற்பட்டது.

தத்துவம் எளியது. போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஓர் இரும்பு வளையத்தினூடே செல்கின்றன. போனது முழுவதும் திரும்பினால் வளையம் சும்மா இருக்கும். சிறிது நிலத்துக்குள் நழுவினாலும் இணைப்பைத் துண்டித்துவிடும். இவ்வளவு கூரிய செவி படைத்தது சிற்றொலியையும் கேட்கத்தானே செய்யும்! நம் வீடுகளில் இன்று வழங்கும் 30 மில்லி ஆம்பியர் கருவி, விதிப்படி 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். கணினி, சலவை இயந்திரம் போன்றவை பழுதின்றியே சிறிது கசியவிடும். அவற்றோடு மழையில் நனைந்த தோட்ட விளக்கும் சேர்ந்தால் தொகை எல்லையைத் தொட்டுவிடும்.

ஆகவே தனித்தனியே பிரித்துப் பார்த்தல் வேண்டும். எல்லாச் சாதனங்களின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. அது பெரும்பாலும் ஒரு கம்பியையே துண்டிக்கும், நியூட்ரல் கம்பி எர்த்தோடு உராய்ந்தாலும் கருவி விழும்.

கோடைக்கானல் கீசருக்கு வருவோம். அதன் சூடேற்றும் குழாய்க்குள் மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்பொடி கெட்டித்து வைக்கப்பட்டிருக்கிறது. அப்பொடி ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மாதக்கணக்கில் பனிமூட்டத்தில் கிடந்தால், முனையின் அடைப்பு வழியே ஈரம் ஏறிக் கசிவுக்கு வழி திறந்துவிடுகிறது. மின்பணியாளர் மெக்கர் கொண்டு சோதித்து, குழாயைக் கழற்றி உலர்த்தியபின் மீண்டும் சோதிப்பார். அப்போதும் கசிந்தால் குழாயே வெடித்திருக்கிறது. புதிது மாற்ற வேண்டியதுதான்.