கருவிழிகள்: செகாவின் கதைக்குள் வந்த இத்தாலியர்

ருஷ்ய இயக்குநர் நிகிதா மிகால்கோவ் இத்தாலியில் தயாரித்து 1987இல் வெளியிட்ட ‘கருவிழிகள்’ என்னும் படத்தைக் காதற்படம் என்று மட்டும் சொல்லி நாம் கடந்துவிட முடியாது. அதன் தலைப்பு புகழ்பெற்ற ருஷ்யப் பாடலொன்றிலிருந்து வந்தது. கதையோ ஆன்டன் செகாவினுடையது. 1899இல் வெளியான, தமிழில் ‘நாய்க்காரச் சீமாட்டி’ என அறியப்படும் சிறுகதையே படத்தின் முதன்மையான ஊற்று. செகாவின் வேறு சில கதைகளின் இழைகளும் அதில் கலந்துள்ளன. ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தின் எழுத்தில் பங்குகொண்ட சூசோ செக்கி தாமிக்கோ, அலெக்சாந்தர் அதபாஷ்யான் ஆகியோருடன் சேர்ந்து மிகால்கோவ் திரைக்கதையை அமைத்தார்.

இக்கதை திரைக்கு வந்தது அதுவே முதன்முறையன்று. யோசிஃப் ஹைஃபிட்ஸ் மூலத்தை ஒட்டி எடுத்த சோவியத் படம் 1960இல் கான் விழாவில் கௌரவிக்கப்பட்டது. அதே விழாவில் தங்கப்பனை விருதை வென்றது, மார்ச்செல்லோ மாஸ்ட்ரோயானி நடித்த ஃபெலினியின் ‘லா டோல்சே வீட்டா’. இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் அதே மாஸ்ட்ரோயானி செகாவின் நாயகனுடைய இடத்தில் நடித்து, கானில் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார் என்பது சுவையான ஒற்றுமை.

செகாவின் குரோவ் மாஸ்கோவைச் சேர்ந்தவன். யால்தாவில் அன்னாவைச் சந்திக்கிறான். பெண்களை இளக்காரமாக எண்ணிவந்த அவனை, தலை நரைக்கத் தொடங்கும் வயதில் வந்த காதல் வேறொரு மனிதனாக்கிவிடுகிறது. படத்தின் ரோமானோ இத்தாலியன். கட்டடக் கலை பயின்றும் செல்வந்தரின் மகளை மணந்து சோம்பலில் கரைபவன். மான்டெகாடினியின் நீரூற்று விடுதியில் அன்னாவைக் காண்கிறான். காற்றில் பறந்த அவளது தொப்பியை எடுக்க வெள்ளை உடையோடு சேற்றுக் குளத்தில் இறங்குகிறான். அவள் ருஷ்ய மொழியில் எழுதிவிட்டுப் போன கடிதத்தின் பொருளைப் பிறரிடம் கேட்டே அறிகிறான். பிறகு உடையாத கண்ணாடி செய்யும் தொழிற்சாலைக்கு அனுமதி கேட்பவனாக ருஷ்யாவுக்குப் புறப்படுகிறான். அவன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் காட்சிகளில் கோகோலின் நிழலும் விழுகிறது.

மொழி, தொலைவு, அதிகார வர்க்கம் ஆகிய அனைத்தையும் கடந்து அவன் அன்னாவைக் கண்டுவிடுகிறான். மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத் திரும்புவதாக வாக்களிக்கிறான். இத்தாலியில், செல்வம் சரிந்த வீட்டில், ருஷ்யாவில் உனக்கு ஒரு பெண் இருக்கிறாளா என்று மனைவி எலிசா கேட்கிறாள். ‘இல்லை’ என்கிறான். படம் முழுவதும் இந்த ஒரு சொல்லை நோக்கியே நகர்ந்துவந்திருக்கிறது என்பது நமக்கு அப்போது விளங்குகிறது. எலிசாவாக நடித்த சில்வானா மங்கானோவுக்கு இதுவே கடைசிப் படமாக அமைந்தது. 1989இல் அவர் மறைந்தார்.

இவையனைத்தையும் ரோமானோ, பல ஆண்டுகளுக்குப் பின், ஒரு கப்பலில் பாவெல் என்ற ருஷ்யப் பயணியிடம் சொல்கிறான். பாவெலோ தன்னை விரும்பாத பெண்ணைப் பொறுமையோடு மீண்டும் மீண்டும் கேட்டு மணந்தவன். அவன் மனைவி யார் என்பதை இறுதிக் காட்சி காட்டுகிறது. ரோமானோ அக்கப்பலின் உணவுக்கூடப் பணியாள்.

செகாவின் கதை, மிகக் கடினமான காலம் இனிமேல்தான் தொடங்குகிறது என்ற உணர்வோடு முடிகிறது. அங்கே காதலர்கள் இருவரும் சேர்ந்தே கலங்கி நிற்கிறார்கள். மிகால்கோவ் அந்தத் துணையைப் பறித்துவிடுகிறார். இத்தாலியருக்கும் ருஷ்யருக்கும் இடையிலான தடையை நாட்டெல்லையில் தேடும் நாம், அதை ஒரு மனிதனின் கோழைத்தனத்தில் காண்கிறோம். மூலத்திலிருந்து இவ்வளவு விலகியும் படம் செகாவுக்கு அந்நியமாகத் தோன்றாததற்குக் காரணம், அந்தக் கோழையை அது வெறுக்காமல் பார்ப்பதே எனலாம்.