வலி மாத்திரை 'கேட்காமல்' போவது ஏன்? உடம்பு மருந்துக்குப் பழகும்போது என்ன நடக்கிறது?

"முன்னாடி ஒரு மாத்திரை போட்டா வலி போயிடும். இப்போ ரெண்டு போட்டாலும் கேட்க மாட்டேங்குது."

அத்திபெலே தொழிற்பேட்டையில் நின்றபடியே ஷிப்ட் முடிப்பவரோ, ஓசூர் சாலையில் லாரி ஓட்டுபவரோ, இந்தப் பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கும். உடம்பு பழகிடுச்சு என்பார்கள். அது எப்போது உண்மை?

எல்லா மாத்திரைக்கும் உடம்பு பழகுமா?

இல்லை. பாராசிட்டமாலுக்கும் இபுபுரூஃபனுக்கும் அப்படிப் பெரிதாகப் பழகுவதில்லை. அவை கேட்கவில்லை என்றால் வலியின் காரணத்தைத்தான் தேட வேண்டும். அளவைக் கூட்டினால் முன்னதில் கல்லீரலுக்கும், பின்னதில் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. தலைவலிக்கு மாதத்தில் 15 நாள், மாதக்கணக்கில் இவற்றைப் போட்டால், மாத்திரையே தலைவலியை வரவழைக்கலாம்.

உடம்பு பழகுவது மார்ஃபின், கோடீன், டிரமடால், டாபென்டடால் போன்ற ஓபியாய்டு மருந்துகளுக்கு.

உள்ளே என்ன நடக்கிறது?

நரம்பு செல்களின் மேல் ஏற்பிகள் உள்ளன. மருந்து அவற்றில் ஒட்டினால் வலிச் செய்தி மட்டுப்படும். தினமும் தூண்டப்பட்டால் ஏற்பிகள் மந்தமாகின்றன. சில, செல்லுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகின்றன. மருந்து அடக்கியதை ஈடுகட்ட, செல் எதிர்த்திசையில் கூடுதலாக வேலை செய்யப் பழகுகிறது. அதனால் அதே பலனுக்கு அதிக அளவு தேவைப்படுகிறது. திடீரென நிறுத்தினால் அந்த எதிர்வேலை மட்டும் மிஞ்சும்: உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை.

ஆபத்து எங்கே?

உடம்பு எல்லாவற்றுக்கும் ஒரே வேகத்தில் பழகாது. மலச்சிக்கல் கடைசிவரை தொடரும். மூச்சை மந்தமாக்கும் விளைவுக்கும் முழுசாகப் பழகுவதில்லை. வலி குறையணும் என்று நீங்களே அளவைக் கூட்டினால், மூச்சு நிற்கும் எல்லையை நெருங்குகிறீர்கள். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம். டிரமடால் அதிகமானால் வலிப்பும் வரலாம். 2018 ஏப்ரலில் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது.

சில வாரம் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே மறுபடி எடுப்பது உயிரையே பறிக்கலாம். ஏனென்றால், பழக்கம் அதற்குள் குறைந்திருக்கும்.

அப்படியானால் மார்ஃபினே வேண்டாமா?

இது எதிர்ப்பக்கத் தவறு. பழகுதல் வேறு, அடிமையாதல் வேறு. கெடுதல் என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல் மருந்தைத் தேடி அலைவதுதான் அடிமைநிலை. புற்றுநோயாளிக்கு அளவு கூடுவது, பல நேரம் நோய் முற்றுவதால். "மார்ஃபின் கொடுத்தா அடிமை ஆயிடுவாங்க" என்று அம்மாவை வலியில் துடிக்கவிட வேண்டியதில்லை. மார்ஃபின் நோயாளிகளுக்கு எளிதாகக் கிடைக்கத்தான் 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. டாக்டர் மேற்பார்வையில் அளவைக் கூட்டலாம், மருந்தை மாற்றலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மாத்திரை கேட்கவில்லை என்றால், மெடிக்கல் ஷாப்புக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள். என்ன, எத்தனை, எத்தனை நாளாக என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஓபியாய்டைச் சட்டென நிறுத்தாதீர்கள், படிப்படியாகக் குறைக்கணும். நிறுத்த முடியவில்லையா? அத்திபெலேயிலிருந்து பெங்களூரு நோக்கிப் போனால், அதே ஓசூர் சாலையில் நிமான்ஸ் இருக்கிறது. அங்கே போதை மீட்புக்குத் தனி மையமே உண்டு. போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல உதவிக்கு 14416.

யாராவது மாத்திரை போட்டு எழுப்ப முடியாத தூக்கத்தில், மெதுவாக மூச்சு விட்டால் காத்திருக்க வேண்டாம். உடனே 108.