பாட்சி மிங்க்

பாட்சி டாக்கெமோட்டோ மிங்க் (1927–2002) அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் ஹவாய் மாநிலத்தின் சார்பில் 1965 முதல் 1977 வரையும், பின்னர் 1990 முதல் இறக்கும்வரையும் உறுப்பினராக இருந்தவர். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். வெள்ளையரல்லாத பெண்களில் அச்சபைக்கு முதன்முதலில் தேர்வானவர். மவுயித் தீவின் கரும்புத் தோட்டப் பகுதியில், ஜப்பானிலிருந்து குடியேறியவர்களின் பேத்தியாகப் பிறந்தார். மருத்துவராக விரும்பி விண்ணப்பித்த கல்லூரிகள் எதுவும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1951இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்று ஹவாய் திரும்பியபோது, மணமாகிக் குழந்தையும் உள்ள பெண் என்று வழக்கறிஞர் நிறுவனங்கள் வேலை தர மறுத்தன. அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவை உருவாக்கியவர்களில் ஒருவர் என்பதே அவருக்கு நிலைத்த புகழ். ஆனால் அவர் தோற்ற இரண்டு போராட்டங்களை அறியாமல் அவருடைய அரசியலை மதிப்பிட இயலாது. குழந்தைப் பராமரிப்பு, வறுமை, குடும்ப வன்முறை ஆகிய மூன்றும் ஒரே முடிச்சின் இழைகள் என்பதை அத்தோல்விகள்தாம் தெளிவாகக் காட்டுகின்றன.

முதல் தோல்வி 1971இல் நேர்ந்தது. நாடு தழுவிய குழந்தைகள் காப்பகத் திட்டத்தை மிங்க் 1967 முதலே வலியுறுத்தி வந்தார். ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணமின்றியும் மற்றவர்களுக்கு வருமானத்துக்கேற்ற கட்டணத்திலும் காப்பகங்கள் நடத்தும் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. அதிபர் நிக்சன் 1971 டிசம்பர் 9 அன்று அதை நிராகரித்தார். அரசு குடும்பத்தின் பக்கம் நிற்காமல் கூட்டு வளர்ப்பின் பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் சொன்ன முக்கியக் காரணம். குழந்தையை வளர்க்கும் பொறுப்பு பெற்றோருடையது என்ற எண்ணம் மதிப்புக்குரியதுதான். ஆனால் அம்மசோதா எந்தக் குழந்தையையும் கட்டாயப்படுத்திக் காப்பகத்தில் சேர்க்கவில்லை. வேலைக்குப் போயே தீரவேண்டிய தாய்க்கு ஒரு வழியைத் திறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆலை வேலைக்குப் பெண்கள் தேவைப்பட்டதால், அதே அரசு ஏறத்தாழ 3,000 காப்பகங்களுக்குப் பணம் கொடுத்திருந்தது. போர் முடிந்ததும் நிறுத்திக்கொண்டது. 1989இல் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்காகத் தரமான காப்பகங்களை அமைக்கத் தனிச் சட்டமும் இயற்றியது. அப்போதெல்லாம் குடும்பம் சிதையும் என்ற அச்சம் குறுக்கே நிற்கவில்லை. நிக்சனே அதே டிசம்பர் மாதம், உதவித்தொகை பெறும் தாய்மாரில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை இல்லாதவர்கள் வேலைக்குப் பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டத் திருத்தத்தில் கையெழுத்திட்டார். வசதியுள்ள தாய்க்கு வீடு, ஏழைத் தாய்க்கு வேலை என்று வகுத்த இந்த இரட்டை நீதி வெளிப்படையான அநியாயம்.

இரண்டாம் தோல்வி இதன் தொடர்ச்சி. 1935 முதல் இருந்துவந்த ஏழைக் குடும்ப உதவித்திட்டத்தை 1996 ஆகஸ்டில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் ஒழித்தது. வாழ்நாளில் ஐந்தாண்டுக்கு மேல் மத்திய அரசு நிதியில் உதவி இல்லை, வேலை கட்டாயம், மாநிலங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலர் மொத்தத் தொகை என்பன அதன் விதிகள். தம் கட்சியினரில் பாதிப் பேர் ஆதரித்தபோதும் மிங்க் எதிர்த்து வாக்களித்தார். முந்தைய ஆண்டு அவர் முன்வைத்த மாற்று மசோதாவும் தோற்றிருந்தது. சட்டத்தை ஆதரிப்போர் அடுத்த சில ஆண்டுகளில் உதவி பெறுவோர் பாதிக்கு மேல் குறைந்ததையும், தனித்து வாழும் தாய்மாரில் வேலைக்குப் போவோர் பெருகியதையும் காட்டுவார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அது பொருளாதாரம் செழித்த காலம். குறைந்த ஊதியக் குடும்பங்களுக்கான வரிச்சலுகை 1993இல் விரிவாக்கப்பட்டதும் கைகொடுத்தது. 1996இல் வறுமையிலிருந்த 100 குடும்பங்களில் 68 உதவி பெற்றன. 2020இல் 21 மட்டுமே பெற்றன. பட்டியலில் பெயர் குறைந்ததை வறுமை குறைந்ததாகக் கணக்கிட முடியாது.

குடும்ப வன்முறை இங்கேதான் வந்து சேர்கிறது. அடிக்கும் கணவனை விட்டு வெளியேறும் பெண்ணுக்கு முதல் மாத வாடகை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓரிடம், வேலை தேட அவகாசம் ஆகியவை உடனே தேவை. 1996இன் சட்டம் பண உதவியையும் அவகாசத்தையும் சுருக்கியதோடு, ஜீவனாம்சம் வசூலிக்கத் தந்தையை அடையாளம் காட்ட ஒத்துழைக்கவும் தாயைக் கட்டாயப்படுத்தியது. எவனிடமிருந்து தப்பி ஓடினாளோ அவனையே அரசாங்கம் தேடிப்போகிறது என்றால் அவள் விண்ணப்பிக்கவே அஞ்சுவாள். வன்முறைக்கு ஆளானவர்களுக்கு விதிவிலக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் கால வரம்பையும் வேலை விதியையும் அவர்களுக்குத் தளர்த்தும் பிரிவு மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அதிகாரியிடம் தன் காயங்களைச் சொல்லி நம்பவைக்கும் சுமையும் பெரும்பாலும் அவள் தலையில்தான் விழுகிறது.

சட்டம் மறுபரிசீலனைக்கு வரவிருந்த நிலையில், 2001இல் மிங்க் ஒரு புதிய மசோதாவைக் கொண்டுவந்தார். உதவித்திட்டத்தின் நோக்கம் வறுமையைக் குறைப்பது என்று அது வரையறுத்தது. படிப்பையும் வேலையாகக் கணக்கில் கொண்டது. வன்முறையிலிருந்து மீள்வதற்கான காலத்துக்கு இடமளித்தது. அது நிறைவேறவில்லை. 2002 செப்டம்பர் 28 அன்று ஹொனலூலுவில் அவர் காலமானார். பெயரை வாக்குச்சீட்டிலிருந்து நீக்க அவகாசமில்லாததால் நவம்பர் தேர்தலில் இறந்த பின்னும் வென்றார். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் கேட்ட நாடு தழுவிய குழந்தைகள் காப்பகத் திட்டம் அமெரிக்காவில் இன்றும் இல்லை.