ரோஷ்னாபாத் வாசலில் வெடித்த பட்டாசு: ஆசிய மகளிர் ஹாக்கியும் சாதியும் சட்டமும்

2021 ஆகஸ்ட் 4. டோக்கியோ ஒலிம்பிக் மகளிர் ஹாக்கி அரையிறுதியில் இந்திய அணி அர்ஜென்டினாவிடம் 1-2 எனத் தோற்றது. அன்று மாலை உத்தராகண்டின் ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத் கிராமத்தில், அணியின் முன்கள வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் வீட்டின் முன் பட்டாசு வெடித்தது. ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த சிலர் கேலியாக ஆடினர். சத்தம் கேட்டு வெளியே வந்த குடும்பத்தினரைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினர். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோல்வி என்று கத்தினர். வந்தனாவின் அண்ணன் கொடுத்த புகாரின் பேரில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 504ஆம் பிரிவிலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் வழக்குப் பதிவானது. அடுத்த சில நாள்களில் கைதுகளும் நடந்தன.

பள்ளிக்கரணையில் கல்லூரி மாணவர்களோடு நாங்கள் நடத்தும் சட்ட வாசிப்பு வகுப்பில் இந்த நிகழ்வைப் பேசியபோது ஒரு மாணவி கேட்டார்: “அந்தப் பேச்சு வெறும் திமிரா, சட்டப்படி குற்றமா? வந்தனா அப்போது ஊரிலேயே இல்லையே?” இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான விடை. ஆனால் அதற்குமுன், ஆசிய மகளிர் ஹாக்கியின் வரலாற்றையும் அதில் தலித், பழங்குடி வீராங்கனைகளின் இடத்தையும் தெரிந்துகொள்வது அவசியம். “அவர்களால் தோற்றோம்” என்ற வாதத்துக்கு முதல் பதில் அந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

ஆசியப் போட்டிகள்: ஒரு சுருக்கம்

ஆசிய அளவில் தேசிய மகளிர் அணிகள் மோதும் பெரிய போட்டிகள் மூன்று.

முதலாவது, ஆசிய விளையாட்டுப் போட்டி. மகளிர் ஹாக்கி இதில் 1982இல் டெல்லியில் அறிமுகமானது. இந்தியா தங்கம் வென்றது. அதன்பின் இந்திய மகளிர் அணிக்கு இப்போட்டியில் தங்கம் கிடைக்கவில்லை. 1986 முதல் 1998 வரை நான்கு முறை தென் கொரியாவும், 2002 முதல் 2010 வரை மூன்று முறை சீனாவும் வென்றன. 2014இல் மீண்டும் தென் கொரியா, 2018இல் ஜப்பான், 2023இல் நடந்த ஹாங்சோ போட்டியில் சீனா. இந்தக் கடைசி மூன்றிலும் இந்தியா முறையே வெண்கலம், வெள்ளி, வெண்கலம் பெற்றது.

இரண்டாவது, ஆசியக் கோப்பை. 1985இல் சியோலில் தொடங்கியது. இந்தியா இதனை இருமுறை வென்றுள்ளது: 2004இல் டெல்லியிலும், 2017இல் ஜப்பானின் ககாமிகஹாராவிலும். 2017 இறுதியில் சீனாவைப் பெனால்டி ஷூட்அவுட்டில் வென்றது. 2022இல் மஸ்கட்டில் ஜப்பான் கோப்பையை வெல்ல, இந்தியா மூன்றாம் இடம் பெற்றது. 2025இல் ஹாங்சோவில் நடந்த இறுதியில் சீனா இந்தியாவை 4-1 என வென்றது.

மூன்றாவது, ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. 2010இல் தொடங்கிய இப்போட்டியில் இந்தியா மூன்று முறை வென்றுள்ளது: 2016 சிங்கப்பூர், 2023 ராஞ்சி, 2024 பீகாரின் ராஜ்கிர்.

இவற்றில் கிடைக்கும் வெற்றி பதக்கத்தோடு நிற்பதில்லை. ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றால் ஒலிம்பிக்குக்கும், ஆசியக் கோப்பையை வென்றால் உலகக் கோப்பைக்கும் நேரடி வழி திறக்கிறது. 2023 ஹாங்சோவில் தங்கத்தைத் தவறவிட்ட இந்திய அணி, 2024 ஜனவரியில் ராஞ்சியில் நடந்த தகுதிச் சுற்றில் ஜப்பானிடம் 0-1 எனத் தோற்றுப் பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. அதே ஹாங்சோவில் தங்கம் வென்ற சீனா, பாரிஸில் வெள்ளி வென்று திரும்பியது.

வெற்றிகளை எழுதிய பெயர்கள்

2016 சிங்கப்பூர் இறுதியில் சீனாவை 2-1 என வென்று இந்திய மகளிர் முதல்முறையாக ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை ஏந்தியபோது, அணித்தலைவர் வந்தனா கட்டாரியா. அந்த இறுதியில் இந்தியாவின் முதல் கோலை அடித்தவர் ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்துப் பழங்குடிப் பெண் தீப் கிரேஸ் எக்கா. 2023இல் ராஞ்சியில் ஜப்பானை 4-0 என வென்ற இறுதியிலும் வந்தனா ஒரு கோல் அடித்தார். அத்தொடரில்தான் முந்நூறு பன்னாட்டு ஆட்டங்களைத் தொட்ட முதல் இந்திய வீராங்கனை ஆனார். 2024இல் ராஜ்கிரில் கோப்பையைப் பெற்ற அணியின் தலைவர், ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தைச் சேர்ந்த பழங்குடிப் பெண் சலிமா டேட்டே.

டோக்கியோவையே எடுத்துக்கொள்வோம். காலிறுதிக்கு முந்தைய கடைசிக் குழு ஆட்டத்தில் தென் ஆப்பிரிக்காவை 4-3 என இந்தியா வென்றது. அதில் மூன்று கோல்கள் வந்தனாவுடையவை. ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்திய வீராங்கனை அவர். அந்த ஆட்டத்தில் தோற்றிருந்தால் காலிறுதியும், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 1-0 வெற்றியும், அரையிறுதியும் இல்லை. அதாவது, “தலித்துகளால் தோற்றோம்” என்று பட்டாசு வெடித்தவர்கள் பார்த்த அரையிறுதியே ஒரு தலித் பெண்ணின் கோல்களால் கிடைத்தது. 1980 மாஸ்கோவுக்குப் பின் ஒலிம்பிக்கில் இந்திய மகளிர் அணி பெற்ற நான்காம் இடமும் அப்படியே.

அந்த ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் வந்தனாவின் தந்தை நஹார் சிங் இறந்தார். பெங்களூரு பயிற்சி முகாமில் இருந்த மகளால் இறுதிச் சடங்குக்குச் செல்ல இயலவில்லை. 2025 ஏப்ரல் 1 அன்று ஓய்வை அறிவித்தபோது அவர் கணக்கில் 320 ஆட்டங்களும் 158 கோல்களும் இருந்தன. இடையில் அர்ஜுனா விருதும் பத்மஸ்ரீயும் வந்தன. டோக்கியோவுக்குப் பின் மாநில அரசு 25 லட்சம் ரூபாய் பரிசும் அறிவித்தது.

விருதும் பரிசும் தேவைதான். ஆனால் அவை சாதனைக்கு உரியவை. வாசலில் நடந்த குற்றத்துக்கு அவை ஈடல்ல. வீராங்கனையைப் பாராட்டிவிட்டு வன்கொடுமையைப் “பெரிதுபடுத்த வேண்டாம்” என ஒதுக்குவது நம் சமூகத்துக்குப் பழகிய தந்திரம். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கக் கற்றுக்கொள்வோம்.

அது குற்றமா? சட்டம் என்ன சொல்கிறது?

பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம், 1989இன் பிரிவு 3(1)(ஆர்), பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை, இழிவுபடுத்தும் நோக்குடன், பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே அவமதிப்பதையோ மிரட்டுவதையோ குற்றமாக்குகிறது. பிரிவு 3(1)(எஸ்), அத்தகைய இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும். குற்றம் செய்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருக்க வேண்டும்.

இப்பிரிவுகளில் வழக்குகள் சரிவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்.

ஒன்று, “பொதுமக்கள் பார்வை”. 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில், நான்கு சுவர்களுக்குள் வெளியார் எவரும் இல்லாதபோது சொன்னது இப்பிரிவில் வராது என்றது உச்ச நீதிமன்றம். அதே தீர்ப்பு, வீட்டுக்கு வெளியே சாலையிலிருந்து பார்க்கக்கூடிய இடம் பொதுப்பார்வைக்குட்பட்டதே என்பதையும் ஏற்கிறது. அதுவும் உத்தராகண்டிலிருந்து போன வழக்கே. நம் மாநிலத்தின் லால்குடி வழக்கான கருப்புடையார் வழக்கில், அலுவலக அறைக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்ட நிகழ்வு பொதுப்பார்வையில் வராது என 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. ரோஷ்னாபாத்தில் நடந்தது வீட்டுக்கு வெளியே, பட்டாசுச் சத்தத்தோடு, ஊர் பார்க்க. இந்தச் சோதனையில் அது தேறுகிறது.

இரண்டு, “சாதியின் காரணமாக”. ஹிதேஷ் வர்மா தீர்ப்பும், 2024 ஆகஸ்டில் ஷாஜன் ஸ்கரியா வழக்கில் வந்த தீர்ப்பும், அவமதிப்பு அவர் பட்டியல் சாதியினர் என்பதற்காகவே நிகழ்ந்திருக்க வேண்டும் என்கின்றன. நிலத் தகராறு, தனிப்பகை என்று எதிர்த்தரப்பு கதை சொல்வது இதனால்தான். ஹாக்கித் தோல்விக்குச் சாதியையே காரணமாகக் கூவும் இடத்தில் அக்கதைக்கு இடம் குறைவு. மேலும், பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் அறிந்திருந்தால், சாதி அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது பிரிவு 8(சி). மறுப்பதானால் அதை மெய்ப்பிக்கும் சுமை எதிர்த்தரப்புக்கு.

இனி மாணவியின் கேள்வி: வந்தனா டோக்கியோவில் இருந்தாரே? வாசலில் நின்ற தாயும் உடன்பிறந்தவர்களும் பட்டியல் சாதியினரே. அவர்களை நோக்கி, அவர்கள் காதுபட, பொதுவெளியில் சொல்லப்பட்ட சொல் அவர்களுக்கு எதிரான தனிக்குற்றம். வீராங்கனை ஊரில் இருந்தாரா என்பது அக்குற்றத்தின் கூறு அல்ல. புகாரில் குடும்பத்தினர் ஒவ்வொருவரையும் பாதிக்கப்பட்டவராகக் குறிப்பிட வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

புகார் எழுதும்போது கவனிக்க வேண்டியவை

சொல்லப்பட்ட சொற்களை அப்படியே எழுதுங்கள். “சாதியைச் சொல்லித் திட்டினார்” என்ற பொதுவாக்கியம் போதாது.

எங்கே நின்று சொன்னார், அங்கிருந்து தெரு தெரியுமா, யார் யார் பார்த்தார்கள் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். குடும்பத்தைச் சாராத சாட்சி ஒருவராவது இருப்பது வலு சேர்க்கும்.

“முதலில் விசாரிக்கிறோம்” என்று காவல் நிலையம் இழுத்தால், பிரிவு 18ஏ-ஐக் காட்டுங்கள்: முதல் தகவல் அறிக்கைக்கு முன் முன்விசாரணை தேவையில்லை. புதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் பிரிவு 173(3) மூன்று முதல் ஏழாண்டுக்குள் தண்டனையுள்ள குற்றங்களில் முன்விசாரணையை அனுமதிப்பதைச் சில அதிகாரிகள் காரணமாகச் சொல்லக்கூடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிற சட்டங்களை மேவி நிற்கும் என்கிறது அதன் பிரிவு 20.

பழைய 504ஆம் பிரிவுக்கு இணையானது இன்று நியாய சன்ஹிதாவின் பிரிவு 352. அதை மட்டும் போட்டு வன்கொடுமைப் பிரிவை விட்டுவிட்டார்களா என்று பாருங்கள்.

விசாரணை அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை அறுபது நாள்களுக்குள் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கடமை தவறும் அரசு ஊழியர் மீது பிரிவு 4 பாயும். பிணை மனு உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிரிவு 15ஏ பாதிக்கப்பட்டவருக்குத் தருகிறது.

சட்டம் எட்டாத இடம்: மைதானம்

வசவைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. மைதானத்துக்கு வழியே இல்லாதபோது? அரசியலமைப்பின் 15(2)ஆம் கூறு, அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடங்களில் சாதியின் பேரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. ஊர் விளையாட்டுத் திடலும் அதில் அடங்கும் என்பது நம் வாதம். ஆனால் இன்றைய ஹாக்கியில் தடுப்பதற்கு யாரும் வாசலில் நிற்க வேண்டியதில்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து பன்னாட்டு ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது. அத்தரை எங்கே இருக்கிறது என்பதே யார் ஆடுவார் என்பதைத் தீர்மானிக்கிறது.

சுந்தர்கரிலிருந்தும் சிம்டேகாவிலிருந்தும் பெண்கள் தேசிய அணிக்கு வந்தது தற்செயல் அல்ல. அங்கே ஹாக்கி ஊர்த் திருவிழாவின் பகுதியாக இருந்தது ஒரு காரணம். ரூர்கேலாவின் பான்போஷ் விளையாட்டு விடுதி போன்ற அரசு விடுதிகளும், பின்னர் ரயில்வே வேலைகளும் அந்தத் திறமைக்கு ஏணியாயின என்பது மற்றொன்று. ராஞ்சியில் மகளிர் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஆட்டம் நடந்த அரங்கின் பெயர், 1928 ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றுச் சென்ற, பின்னர் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடிகளுக்காகப் பேசிய ஜெய்பால் சிங்கின் பெயர்.

நம் பக்கம் பாருங்கள். 2023 ஆடவர் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையும், 2025 ஆடவர் இளையோர் உலகக் கோப்பையின் பல ஆட்டங்களும் சென்னையில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்தன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி, பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளில், நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட உழைக்கும் குடும்பங்கள் வாழ்கின்றன. பெரும்பாக்கத்துச் சிறுமிக்கு எழும்பூர்த் தரை இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். கண்ணகி நகரின் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். பகுதியில் திறமை இருக்கிறது. கபடிக்கு ஒரு பூங்காவின் தரை போதும், ஹாக்கிக்குப் போதாது.

நாம் கேட்க வேண்டியவை

2025இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், விளையாட்டு அமைப்புகளின் செயற்குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. பட்டியல் சாதி, பழங்குடிப் பிரதிநிதித்துவம் பற்றி அத்தகைய கட்டாயம் இல்லை. அச்சட்டம் கோரும் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கையில் சாதி இழிவும் துன்புறுத்தலாகப் பெயர் சொல்லி வரையறுக்கப்பட வேண்டும். வீராங்கனையின் குடும்பத்தின் மீது தாக்குதல் நடந்தால், புகாரையும் சட்ட உதவியையும் விளையாட்டுச் சம்மேளனமே முன்னின்று ஏற்க வேண்டும். தென்சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு எட்டும் தூரத்தில் ஒரு செயற்கைத் தரையும் மகளிர் விளையாட்டு விடுதியும் வேண்டும்.

முதல் மூன்றும் டெல்லிக்குப் போக வேண்டிய மனுக்கள். கடைசியானதை மாவட்ட ஆட்சியரிடமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடமும் இங்கிருந்தே கொடுக்கலாம். வகுப்பில் கேள்வி கேட்ட மாணவியிடம் அதன் முதல் வரைவை எழுதித் தருமாறு கேட்டிருக்கிறோம்.